யூனிட்டுக்கு எவ்வளவு கொடுக்கும்?

எலெக்ட்ரிக் கார் விளம்பரங்களில் தூரம் பெரிய எழுத்தில் மின்னுகிறது. வாங்குபவரின் பணத்தையும் நேரத்தையும் தீர்மானிக்கும் எண் வேறொன்று. அதைக் கேட்பவர்கள்தான் குறைவு.

2017 செப்டம்பர். அரசு அலுவலகங்களில் ஓடும் பெட்ரோல், டீசல் கார்களுக்குப் பதிலாக 10,000 எலெக்ட்ரிக் கார்கள் வாங்குவது என்று மத்திய அரசின் எனர்ஜி எஃபிஷியன்சி சர்வீசஸ் நிறுவனம் முடிவு செய்தது. டாடாவின் டிகோரும் மஹிந்திராவின் இ-வெரிட்டோவும் டெல்லியில் அமைச்சக வாசல்களில் வந்து நின்றன. அடுத்த கோடையிலேயே முணுமுணுப்பு தொடங்கிவிட்டது. நகரத்துக்குள் ஓட்டினால் ஒரு சார்ஜுக்கு 80 கி.மீ.யைத் தாண்டுவதே பாடாக இருக்கிறது என்று மூத்த அதிகாரிகள் அலுத்துக்கொள்வதாகவும், சிலர் அந்தக் கார்களில் ஏறவே மறுப்பதாகவும் 2018 ஜூனில் செய்திகள் வெளியாயின. 10,000 என்ற இலக்கு கடைசிவரை எட்டப்படவில்லை.

அன்றைக்கு அதிகாரிகள் கேட்ட கேள்வியைத்தான் இன்றைக்கு ஷோரூமில் நுழையும் ஒவ்வொருவரும் கேட்கிறார்கள்: "ஒரு சார்ஜுக்கு எவ்வளவு தூரம் போகும்?" நிறுவனங்களும் அந்தக் கேள்விக்கே பதில் தயாரித்தன. 2001-ல் பெங்களூரில் விற்பனைக்கு வந்த ரேவா, ஈய-அமில பேட்டரியில் 80 கி.மீ. ஓடியது. 2020 ஜனவரியில் வந்த டாடா நெக்ஸான் இ.வி. 312 கி.மீ. என்றது. 2024 நவம்பரில் சென்னையில் அறிமுகமான மஹிந்திரா பி.இ. 6, 682 கி.மீ. என்றது. கால் நூற்றாண்டுக்குள் எட்டு மடங்கு. 2024-ல் நாட்டில் விற்பனையான எலெக்ட்ரிக் கார்களின் எண்ணிக்கையும் லட்சத்தை ஒட்டி வந்துவிட்டது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பெட்ரோல் கார் வாங்கும்போது இந்தியர் கேட்கும் முதல் கேள்வி உலகப் பிரசித்தம். வடக்கே "கித்னா தேத்தி ஹை?", தெற்கே "லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும்?" டாங்க் எவ்வளவு பெரியது என்று யாரும் கேட்பதில்லை. எலெக்ட்ரிக் கார் என்று வந்ததும் அதே மனிதர் மைலேஜை மறந்துவிட்டு டாங்கை மட்டும் அளக்கிறார். ஏனென்றால் 'ஒரு சார்ஜுக்கு இத்தனை கி.மீ.' என்பது பெரும்பாலும் பேட்டரியின் அளவைச் சொல்லும் எண்தான். காரின் திறமையைச் சொல்லும் எண் 'ஒரு யூனிட்டுக்கு இத்தனை கி.மீ.' என்பது. பதினைந்து லட்ச ரூபாய்க்குக் கடன் வாங்கி ஏழு வருடம் தவணை கட்டப்போகும் குடும்பத்துக்கு, இந்த வித்தியாசம் புரியாமல் போனால் நஷ்டம்.

உருளை மீது ஓடும் கார்

விளம்பரத்தில் வரும் தூரம் பொய்யல்ல. ஆனால் அது அளக்கப்படும் இடம் சாலையல்ல. புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற அரசு அங்கீகாரம் பெற்ற சோதனைக் கூடங்களில், கார் சுழலும் உருளைகளின் மீது நிறுத்தப்பட்டு ஓட்டப்படுகிறது. ஏ.சி. போடப்படுவதில்லை. 'மாற்றியமைக்கப்பட்ட இந்திய ஓட்டச் சுழற்சி' எனப்படும் இந்தச் சோதனைக்கு இரண்டு பகுதிகள். முதல் பகுதி நகர ஓட்டம். அதில் வேகம் 50 கி.மீ.யைத் தாண்டாது. இரண்டாம் பகுதி நகரத்துக்கு வெளியே. அதிலும் உச்ச வேகம் 90 கி.மீ.தான்.

2024 வரை நிறுவனங்கள் பெருமையோடு அச்சிட்டு வந்தது பெரும்பாலும் முதல் பகுதியில் கிடைத்த எண். பிறகு இரண்டு பகுதிகளையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்ற நிலை வந்தபோது, காரில் ஒரு ஆணிகூட மாறாமல் தூரம் மட்டும் குறைந்தது. டாடா பஞ்ச் இ.வி.யின் பெரிய பேட்டரி மாடல் 421 கி.மீ.யிலிருந்து 365-க்கு இறங்கியது. டாடா நிறுவனம் இன்னொரு படியும் போனது. வாங்கியவர்களில் நான்கில் மூன்று பேருக்காவது கிடைக்கக்கூடிய தூரம் என்று தனியாக ஒரு எண்ணை வெளியிடத் தொடங்கியது. அந்தக் கணக்கில், காகிதத்தில் 489 கி.மீ. ஓடும் நெக்ஸான் 45, சாலையில் 350 முதல் 370 கி.மீ. வரை ஓடும். 682 கி.மீ. என்று அறிமுகமான பி.இ. 6-க்கும் நிஜ ஓட்டத்தில் 500 கி.மீ.க்கு மேல் கிடைக்கும் என்பதுதான் மஹிந்திராவின் உறுதி. ஆக, நிறுவனங்களின் வாக்குமூலப்படியே காகித எண்ணில் கால் பங்கு கழிந்துவிடுகிறது.

கழித்த பிறகும் அது எல்லோருக்கும் ஒரே எண் அல்ல. பெட்ரோல் காருக்கும் எலெக்ட்ரிக் காருக்கும் குணம் நேர்மாறு. பெட்ரோல் கார் நெரிசலில் எரிபொருளைக் குடிக்கும், நெடுஞ்சாலையில் சிக்கனமாக ஓடும். எலெக்ட்ரிக் கார் நகரத்தில் சிக்கனம். சிக்னலில் நின்றால் மோட்டார் எதையும் செலவழிப்பதில்லை. வேகத்தைக் குறைக்கும்போது மோட்டாரே ஜெனரேட்டராக மாறிக் கொஞ்சம் மின்சாரத்தைத் திருப்பித் தந்துவிடுகிறது. நெடுஞ்சாலையில் அந்தச் சலுகை கிடையாது. அங்கே எதிரி காற்று. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்கிறது. 80 கி.மீ. வேகத்தில் இருப்பதைவிட 100 கி.மீ. வேகத்தில் எதிர்ப்பு ஒன்றரை மடங்குக்கும் அதிகம். சோதனைக் கூடத்தில் 90-ஐத் தாண்டாத கார் எக்ஸ்பிரஸ் சாலையில் 110-ல் பறந்தால், விளம்பர எண் எங்கோ பின்தங்கிவிடும்.

ஏ.சி.யின் கணக்கு இதற்குத் தலைகீழ். மே மாத டெல்லியில் ஏ.சி. மணிக்கு ஒரு யூனிட்டோ அதற்குச் சற்று மேலோ எடுத்துக்கொள்ளும். அந்த ஒரு மணி நேரத்தில் கார் 90 கி.மீ. போயிருந்தால் அது பெரிய செலவல்ல. நெரிசலில் 15 கி.மீ.தான் ஊர்ந்திருந்தால், காரை நகர்த்த ஆன மின்சாரத்தில் பாதிக்கு மேல் ஏ.சி.க்கே போயிருக்கும். 2018-ல் டெல்லி அதிகாரிகள் சிக்கியது இந்தக் கணக்கில்தான்.

மறந்துபோன மைலேஜ்

எலெக்ட்ரிக் காரின் பேட்டரி கிலோவாட்-மணி என்ற அளவில் சொல்லப்படுகிறது. மிரள வேண்டியதில்லை. வீட்டுக்கு வரும் மின்கட்டண ரசீதில் இருக்கும் யூனிட்தான் அது. 45 கிலோவாட்-மணி பேட்டரி என்றால் 45 யூனிட் பிடிக்கும் டாங்க். நிஜ ஓட்டத் தூரத்தை இந்த எண்ணால் வகுத்தால் மைலேஜ் கிடைத்துவிடும்.

நெக்ஸான் 45-க்கு டாடா சொல்லும் நிஜ தூரத்தை வகுத்தால் யூனிட்டுக்கு 8 கி.மீ. 79 யூனிட் பேட்டரி கொண்ட பி.இ. 6-க்கு 500 கி.மீ. என்று வைத்து வகுத்தால் 6.3 கி.மீ. தூரத்தில் முன்னால் நிற்கும் கார் மைலேஜில் பின்னால் நிற்கிறது. இது குறையல்ல, இயற்கை. பெரிய உடல், அகலமான டயர், கூடுதல் எடை, கூடுதல் சக்தி எல்லாவற்றுக்கும் விலை உண்டு. ஆனால் அந்த விலையை ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் கட்டுகிறோம் என்பது வாங்கும்போது தெரிந்திருக்க வேண்டும்.

பெரிய டாங்குக்கு முதலிலேயே கொடுக்கும் விலை தனி. அது எவ்வளவு என்பதை எம்.ஜி. விண்ட்சர் தற்செயலாக வெளிச்சம் போட்டுக் காட்டியது. 2024-ல் அந்தக் கார் இரண்டு விலைகளில் வந்தது. பேட்டரியை வாடகைக்கு எடுத்து, கி.மீ.க்கு மூன்றரை ரூபாய் கட்டுவதானால் 9.99 லட்சம். பேட்டரியோடு சொந்தமாக வாங்கினால் 13.50 லட்சம். இடையில் உள்ள மூன்றரை லட்சம் 38 யூனிட் பேட்டரிக்கு. அதாவது யூனிட்டுக்கு 9,000 ரூபாய்க்கு மேல். இந்தக் கணக்கில் வருடத்தில் நான்கே முறை தேவைப்படும் கூடுதல் 20 யூனிட்டுக்காகக் கிட்டத்தட்ட இரண்டு லட்ச ரூபாயை முடக்க வேண்டும். அதோடு 100 கிலோவுக்கு மேல் கூடுதல் எடையையும் தினமும் அலுவலகத்துக்குச் சுமந்து போக வேண்டும்.

பஸ்ஸில் இடம் பிடிப்பது போல

மூன்றாவது எண் சார்ஜ் ஆகும் நேரம். விளம்பரங்களில் அதிகம் வாய் கூசாமல் விளையாடப்படுவது இதில்தான். '20 நிமிடத்தில் சார்ஜ்' என்ற வாசகத்துக்குக் கீழே சிறிய எழுத்தில் இரண்டு நிபந்தனைகள் இருக்கும். ஒன்று, எத்தனை சதவீதத்திலிருந்து எத்தனை சதவீதம் வரை. இரண்டு, எத்தனை கிலோவாட் சார்ஜரில்.

எந்த நிறுவனமும் 100 சதவீதம் வரை ஆகும் வேக சார்ஜ் நேரத்தைச் சொல்வதில்லை. 80-ல் நிறுத்திவிடும். காரணம் பேட்டரியின் உள்ளே இருக்கிறது. சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் கிராஃபைட் அடுக்குகளுக்குள் போய் உட்கார வேண்டும். புறப்படும் இடத்தில் காலி பஸ்ஸில் ஏறுபவர்கள் சட்டென்று இடம் பிடிப்பார்கள். முக்கால்வாசி நிரம்பிய பிறகு ஏறுபவர் ஒவ்வொரு இருக்கையாகத் தேடி நகர வேண்டும். அப்போதும் பின்னாலிருந்து தள்ளினால் ஜனங்கள் படிக்கட்டிலேயே தேங்கி நிற்பார்கள். பேட்டரியிலும் அப்படித் தள்ளினால் லித்தியம் உள்ளே போகாமல் வெளிப்பரப்பில் உலோகமாகப் படியும். பேட்டரியின் ஆயுள் குறையும், பாதுகாப்பும் கெடும். அதனால் காரின் கட்டுப்பாட்டுக் கருவியே 80 சதவீதத்தை நெருங்கியதும் வேகத்தைக் குறைத்துவிடுகிறது. கடைசி 20 சதவீதம் ஏறுவதற்குள், முந்தைய 60 சதவீதத்துக்கு ஆன நேரம் ஓடிவிடலாம். பேட்டரி கொதித்தாலும் இதே கதைதான். 45 டிகிரி வெயிலில் நெடுஞ்சாலையில் ஓடிவந்த காரைச் சார்ஜரில் மாட்டினால், அது முதலில் தன்னைக் குளிர வைத்துக்கொள்ளும்.

சதவீதமும் ஏமாற்றும். சின்ன டாங்கின் 70 சதவீதமும் பெரிய டாங்கின் 70 சதவீதமும் ஒன்றல்ல. சரியான ஒப்பீடு, ஒரு நிமிடத்தில் எத்தனை கி.மீ. ஓடுவதற்கான மின்சாரம் ஏறுகிறது என்பதுதான். நெக்ஸான் 45, 60 கிலோவாட் சார்ஜரில் 10-லிருந்து 80 சதவீதத்துக்கு 40 நிமிடம் என்கிறது. ஏறுவது 31 யூனிட் சொச்சம். நெடுஞ்சாலையில் யூனிட்டுக்கு ஆறரை கி.மீ. என்று வைத்தால், நிமிடத்துக்கு 5 கி.மீ. பெரிய பேட்டரி ஹூண்டாய் கிரெட்டா எலெக்ட்ரிக்குக்கு 50 கிலோவாட் சார்ஜரில் 58 நிமிடம். அதே மைலேஜில் நிமிடத்துக்கு 4 கி.மீ. பி.இ. 6, 20-லிருந்து 80-க்கு 20 நிமிடம். யூனிட்டுக்கு 6 கி.மீ. என்று வைத்தாலும் நிமிடத்துக்கு 14 கி.மீ. 800 வோல்ட் அமைப்பு கொண்ட ஹூண்டாய் ஐயோனிக் 5, 10-லிருந்து 80-க்கு 18 நிமிடம். நிமிடத்துக்கு 17 கி.மீ.

இங்கேதான் இரண்டாவது நிபந்தனை குறுக்கிடுகிறது. பி.இ. 6-இன் 20 நிமிடம் 175 கிலோவாட் சார்ஜரில். ஐயோனிக்கின் 18 நிமிடம் 350 கிலோவாட் சார்ஜரில். நாட்டில் பொதுச் சார்ஜிங் நிலையங்களின் எண்ணிக்கை 2024 டிசம்பரில் 25,000-ஐத் தாண்டியது. ஆனால் நெடுஞ்சாலை ஓட்டல் வாசலில் வழக்கமாகக் காத்திருப்பது 30 கிலோவாட்டோ 60 கிலோவாட்டோ கொண்ட சார்ஜர்தான். அதிலும் இரண்டு கார்கள் ஒரே நேரத்தில் மாட்டினால் 60-ஐ ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக் கொடுக்கும் கருவிகள் உண்டு. 60 கிலோவாட் சார்ஜரில் ஐயோனிக்கும் நெக்ஸானும் ஏறத்தாழ ஒரே வேகம்தான். குழாயில் வருவது ஒரே தண்ணீர் என்றால் வாளியின் வாய் எவ்வளவு அகலமாக இருந்து என்ன? அந்த நிலையில் முந்துவது, யூனிட்டுக்கு அதிகம் ஓடும் கார். சார்ஜ் வேகமும் கடைசியில் மைலேஜில் வந்துதான் நிற்கிறது.

மும்பையிலிருந்து புனேக்கு

ஒரு குடும்பம் மும்பை தாதரிலிருந்து புனேக்குப் போய், மறுநாள் திரும்புவதாக வைத்துக்கொள்ளலாம். போக 150 கி.மீ., வர 150 கி.மீ. நடுவில் 94.5 கி.மீ. நீள எக்ஸ்பிரஸ் சாலை. அதில் லோனாவாலா மலை ஏற்றம். காரில் நான்கு பேர், ஏ.சி. ஓடுகிறது.

நெக்ஸான் 45 முழு சார்ஜோடு கிளம்புகிறது. சமவெளியில் யூனிட்டுக்கு ஆறரை கி.மீ. வீதம் 23 யூனிட் செலவு. மலை ஏற்றத்துக்குத் தனிக் கட்டணம். ஆட்களோடு 1,800 கிலோ எடையை 600 மீட்டர் உயரத்துக்குத் தூக்க, பள்ளிக்கூட இயற்பியல் கணக்குப்படி 3 யூனிட் தேவை. சுமார் 20 கி.மீ. ஓடக்கூடிய மின்சாரம் அந்த ஏற்றத்தில் மட்டும் தீர்ந்துவிடுகிறது. புனேயே கடல் மட்டத்துக்கு மேல் 560 மீட்டர் உயரத்தில் இருப்பதால், போகும்போது செலவழித்தது கைக்குத் திரும்புவதில்லை. புனேயை அடையும்போது பேட்டரியில் மிச்சம் 19 யூனிட்.

திரும்பும்போது மலையில் இறங்குவதால் ஒன்றரை, இரண்டு யூனிட் வரவு. தேவை 21 யூனிட். இருப்பது 19. அவசரத்துக்குக் கையிருப்பாக ஒரு ஐந்து யூனிட்டும் வேண்டும். ஆக, புனேயில் 7 அல்லது 8 யூனிட் ஏற்றினால் போதும். தங்கும் வீட்டில் ஏ.சி.க்குப் போட்ட 15 ஆம்பியர் பிளக் இருந்தால் இரவில் மூன்று மணி நேர வேலை. வேக சார்ஜரில் என்றால் டீ குடிக்கும் நேரம்.

இதே பயணத்தைப் பெரிய பேட்டரி பி.இ. 6 எங்கும் நிற்காமல் முடித்துவிடும். போக வர 51 யூனிட் ஆகும். டாங்கில் 79 இருக்கிறது. ஆனால் அறிமுக விலை 26.90 லட்சம். நெக்ஸான் 45-இன் அறிமுக விலை 13.99 லட்சத்தில் தொடங்கியது. புனேயில் ஒரு பிளக் பாயின்ட்டைத் தேடாமல் இருப்பதற்காக மட்டும் பெரிய பேட்டரி வாங்குபவர், அதற்கு எவ்வளவு கொடுக்கிறார் என்று யோசிப்பது நல்லது. மாதம் நான்கு முறை 500 கி.மீ. ஓட்டுபவருக்குக் கணக்கு வேறு. அவருக்குப் பெரிய பேட்டரியும் வேக சார்ஜும் ஆடம்பரமல்ல, நியாயமான தேவை.

நீண்ட பயணத்தில் கவனிக்க வேண்டிய இன்னொன்று, முதல் கட்டத்துக்குப் பிறகு முழு டாங்க் என்று ஒன்று கிடையாது. வழியில் 80 சதவீதம் வரைதான் ஏற்றுவார்கள், 10 சதவீதத்துக்குக் கீழே இறங்க யாரும் துணிய மாட்டார்கள். நடுவில் கிடைப்பது 70 சதவீதம். 489 கி.மீ. என்று விற்கப்படும் காரில் இரண்டு நிறுத்தங்களுக்கு இடையே ஓடக்கூடியது 200 கி.மீ. சொச்சம். நெடுஞ்சாலைப் பயணத்தைத் திட்டமிட வேண்டியது இந்த எண்ணை வைத்துத்தான்.

பிளக் உள்ளவர், இல்லாதவர்

காரை ஒப்பிடும் முன் வீட்டை ஒப்பிட வேண்டும் என்று சொன்னால் விசித்திரமாகப் படலாம். ஆனால் எலெக்ட்ரிக் காரின் செலவில் மிகப் பெரிய வித்தியாசத்தை உண்டாக்குவது கார் அல்ல, அது இரவில் நிற்கும் இடம்.

வீட்டு பிளக் மணிக்கு 3 யூனிட் ஏற்றும். கேட்க அற்பமாகத் தோன்றும். இரவு ஒன்பதிலிருந்து காலை ஏழு வரை மாட்டி வைத்தால் 30 யூனிட், 200 கி.மீ. ஓட்டம். தினம் 40 கி.மீ. அலுவலகம் போய் வருபவருக்கு வாரம் இரண்டு இரவு போதும். யூனிட் 8 ரூபாய் என்று வைத்தால், சார்ஜ் ஏறும்போது வீணாகும் பத்து சதவீதத்தையும் சேர்த்து, யூனிட்டுக்கு 7 கி.மீ. கொடுக்கும் காருக்கு கி.மீ.க்கு ஒன்றேகால் ரூபாய் செலவு. லிட்டர் 100 ரூபாய் பெட்ரோலில் 15 கி.மீ. கொடுக்கும் காருக்கு ஆறே முக்கால் ரூபாய் ஆகும்.

பொதுச் சார்ஜரில் யூனிட் 20 ரூபாய் என்றால், 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் சேர்ந்து 23 ரூபாய் 60 பைசா. கி.மீ.க்கு மூன்று ரூபாய் 40 பைசா. யூனிட்டுக்கு 5 கி.மீ. மட்டும் கொடுக்கும் பெரிய காரானால் நாலே முக்கால் ரூபாய். கிலோ 80 ரூபாய் சி.என்.ஜி.யில் 22 கி.மீ. ஓடும் டாக்சிக்கு ஆவது மூன்று ரூபாய் 60 பைசாதான். மும்பையிலோ டெல்லியிலோ சந்துக்குள் ஒற்றை அறையில் குடியிருந்து, காரைத் தெருவில் நிறுத்தும் டாக்சி ஓட்டுநருக்கு எலெக்ட்ரிக் காரின் லாபம் கிட்டத்தட்ட காணாமல் போய்விடுகிறது. அதோடு சார்ஜருக்காகக் காத்திருக்கும் ஒரு மணி நேரம் அவருடைய சவாரி நேரம். கார் வாங்கும்போது ஜி.எஸ்.டி. வெறும் 5 சதவீதம். அதை ஓட்ட வெளியில் மின்சாரம் வாங்கினால் 18 சதவீதம். சொந்தக் கார் ஷெட் உள்ளவருக்கு இந்தப் பதினெட்டு கிடையாது.

அடுக்குமாடிக்காரர்கள் நடுவில் தொங்குகிறார்கள். புதிய கட்டடங்களில் வாகன நிறுத்துமிடத்தில் 20 சதவீதத்துக்குச் சார்ஜிங் வசதி வேண்டும் என்று 2019-ல் மத்திய அரசு மாதிரிக் கட்டட விதிகளைத் திருத்தியது. வீட்டு மின் இணைப்பிலிருந்தே காரைச் சார்ஜ் செய்யலாம் என்று 2022-ல் மின்துறையின் வழிகாட்டு நெறிகள் சொல்லின. ஆனாலும் பழைய கட்டடங்களில் மீட்டர் அறையிலிருந்து நிறுத்துமிடம் வரை கேபிள் இழுக்கச் சங்கக் கமிட்டியின் தலையசைப்பு தேவைப்படுகிறது. கார் புக் செய்யும் முன் கமிட்டிச் செயலாளரைப் பார்த்துவிடுவது புத்திசாலித்தனம்.

புகை எங்கே போகிறது?

மைலேஜ் என்பது வாங்குபவரின் சொந்தக் கணக்கு மட்டுமல்ல. இந்திய மின்சாரத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு இன்னும் நிலக்கரியிலிருந்து வருகிறது. மத்திய மின்சார ஆணையத்தின் கணக்குப்படி சராசரியாக ஒரு யூனிட்டுக்கு 700 கிராமுக்கு மேல் கார்பன் டையாக்சைடு வெளியாகிறது. யூனிட்டுக்கு 8 கி.மீ. ஓடும் கார், சார்ஜ் இழப்பையும் சேர்த்து, கி.மீ.க்கு 100 கிராமுக்குப் பொறுப்பு. 5 கி.மீ. ஓடும் கனமான கார் 155 கிராமுக்குப் பொறுப்பு. லிட்டருக்கு 15 கி.மீ. கொடுக்கும் சாதாரண பெட்ரோல் காரின் புகைக்குழாயில் வருவதும் அதே அளவுதான். நகரத்துக் காற்று சுத்தமாகும் என்பது உண்மை. ஆனால் புகை கோர்பாவுக்கோ சிங்ரௌலிக்கோ இடம் மாறியிருக்கிறது என்பதும் உண்மை. சூரிய மின்சாரம் பெருகப் பெருக இந்தக் கணக்கு எலெக்ட்ரிக் காருக்குச் சாதகமாக மாறும். அதுவரை, எலெக்ட்ரிக் என்ற பட்டம் மட்டும் ஒரு காரைச் சிக்கனமானதாக்கிவிடாது.

தொழிற்சாலைகள் காத்திருக்கவில்லை. கிரெட்டா எலெக்ட்ரிக் ஸ்ரீபெரும்புதூரில் உருவாகிறது. வியத்நாமின் வின்ஃபாஸ்ட் 2025 ஆகஸ்டில் தூத்துக்குடியில் ஆலை திறந்தது. அதே மாதம் மாருதியின் முதல் எலெக்ட்ரிக் காரான இ-விட்டாரா குஜராத்தின் ஹன்சல்பூரிலிருந்து புறப்பட்டது. போட்டி முற்றினால் விளம்பர எண்கள் இன்னும் பெரிதாகும். வாடிக்கையாளர் எதைக் கேட்கிறாரோ அதைத்தான் நிறுவனம் விற்கும். தூரத்தைக் கேட்டால் பெரிய பேட்டரி வரும். மைலேஜைக் கேட்டால் நல்ல கார் வரும்.

புதிதாக எதையும் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. ஸ்கூட்டர் காலத்திலிருந்து இந்தியர் கேட்டு வந்த கேள்வியை மறக்காமல் இருந்தால் போதும். லிட்டர் என்ற இடத்தில் யூனிட் என்று போட்டுக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

காகிதத்தில் ஏழு கார்கள்

அறிமுகத்தின்போது நிறுவனங்கள் அறிவித்த சோதனை எண்கள். காமெட், டியாகோ, ஐயோனிக் ஆகியவை 2024-க்கு முன் வந்தவை. அவற்றின் எண்களை மற்றவற்றோடு ஒப்பிடும்போது கவனம் தேவை. யூனிட்டுக்கு எத்தனை கி.மீ. என்பது தூரத்தைப் பேட்டரி அளவால் வகுத்துக் கிடைத்தது. சாலையில் இதில் கால் பங்காவது குறையும்.

எம்.ஜி. காமெட் (2023): பேட்டரி 17.3 யூனிட். தூரம் 230 கி.மீ. யூனிட்டுக்கு 13.3 கி.மீ. அறிமுகத்தின்போது வேக சார்ஜ் வசதி இல்லை. வீட்டில் சுமார் 7 மணி நேரம்.

டாடா டியாகோ இ.வி. (2022): பேட்டரி 24 யூனிட். தூரம் 315 கி.மீ. யூனிட்டுக்கு 13.1 கி.மீ. வேக சார்ஜ் 10-லிருந்து 80 சதவீதத்துக்குச் சுமார் ஒரு மணி நேரம்.

டாடா நெக்ஸான் 45 (2024): பேட்டரி 45 யூனிட். தூரம் 489 கி.மீ. யூனிட்டுக்கு 10.9 கி.மீ. 10-லிருந்து 80-க்கு 40 நிமிடம்.

ஹூண்டாய் கிரெட்டா எலெக்ட்ரிக் (2025): பேட்டரி 51.4 யூனிட். தூரம் 473 கி.மீ. யூனிட்டுக்கு 9.2 கி.மீ. 10-லிருந்து 80-க்கு 58 நிமிடம்.

எம்.ஜி. விண்ட்சர் (2024): பேட்டரி 38 யூனிட். தூரம் 332 கி.மீ. யூனிட்டுக்கு 8.7 கி.மீ. பூஜ்யத்திலிருந்து 80-க்கு 55 நிமிடம்.

ஹூண்டாய் ஐயோனிக் 5 (2023): பேட்டரி 72.6 யூனிட். தூரம் 631 கி.மீ. யூனிட்டுக்கு 8.7 கி.மீ. 10-லிருந்து 80-க்கு 18 நிமிடம், 350 கிலோவாட் சார்ஜர் கிடைத்தால்.

மஹிந்திரா பி.இ. 6 (2024): பேட்டரி 79 யூனிட். தூரம் 682 கி.மீ. யூனிட்டுக்கு 8.6 கி.மீ. 20-லிருந்து 80-க்கு 20 நிமிடம், 175 கிலோவாட் சார்ஜர் கிடைத்தால்.